கம்பி நீட்டிய வீடுகளும் மேரு மலையும்

திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பட்டாபிராம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். கீழ்த்தளம் முடிந்து, பெயின்ட் அடித்து, வாசலில் வண்டி நிற்கிற வீடு. மொட்டை மாடியில் மட்டும் நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் மாடி எழுப்பலாம் என்று விட்டுவைத்த தூண் கம்பிகள்.

"மேல எப்ப சார் போடப்போறீங்க?"

"பொண்ணு படிப்பு முடியட்டும் மேஸ்திரி."

படிப்பு முடியும். கல்யாணம் வரும். கல்யாணக் கடன் வரும். கம்பி அப்படியே நிற்கும், துணி காயப்போடக் கொடி கட்டுவதற்கு உதவிக்கொண்டு.

தமிழில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். ஒருவன் 'கம்பி நீட்டிட்டான்' என்றால் பாதியில் நழுவி ஓடிவிட்டான் என்று பொருள். ஆனால் இந்த வீட்டுக்காரர் கம்பியை நீட்டி வைத்திருப்பதே, நான் ஓடிப்போகவில்லை, திரும்ப வருவேன் என்று சொல்லத்தான். ஒரே சொல், நேர் எதிர் அர்த்தம் :)

பி.காம். படிப்பவர்களுக்கு இந்தக் கம்பியின் கணக்குப் பெயர் தெரியும். கேபிடல் வொர்க் இன் ப்ராக்ரஸ். இன்னும் முடியாத வேலை, ஆனாலும் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம்தான் உட்காரும். பயன்பாட்டுக்குத் தயாராகவில்லை என்பதால் அதற்குத் தேய்மானமும் போட மாட்டார்கள். ஏட்டில் அது தேயவே தேயாது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற கம்பிக்குத்தான் இந்தக் கணக்கு விதி தெரியாது.

முடியாத வேலையைத் தொழிலாகவே வைத்துக்கொண்டு வாழ்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. பாறை ஏறுகிறவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் தூரத்து விஷயம். இங்கே ஏரி உண்டு, தொழிற்பேட்டை உண்டு, பாறை கிடையாது. மலை பார்க்க வேண்டுமென்றால் பறங்கிமலைக்கோ திருநீர்மலைக்கோ போக வேண்டும், அங்கேயும் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் கையும் காலும் வைத்துப் பாறை ஏறுகிறவர்கள் கர்நாடகத்தில் பாதாமிக்கும் ஹம்பிக்கும் போவார்கள்.

அவர்கள் பேச்சில் அடிக்கடி வருகிற சொல் 'ப்ராஜெக்ட்'. கடைசி ராத்திரி உட்கார்ந்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடிக்கிற கல்லூரி ப்ராஜெக்ட் அல்ல. தன் இன்றைய திறமைக்கு எட்டாத ஒரு பாறை வழியைத் தேர்ந்தெடுத்து, அதை ஏறும்வரை திரும்பத் திரும்பப் போய் விழுவதற்குத்தான் அந்தப் பெயர். கயிறு உண்டு, விழுந்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் விழுந்தாலோ கயிற்றில் தொங்கி ஓய்வெடுத்தாலோ அந்த முறை கணக்கில் சேராது. கீழிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். 99 பிடி பிடித்து நூறாவதில் நழுவியவனும், முதல் பிடியிலேயே விழுந்தவனும் ஏட்டில் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் 'முடியவில்லை' என்றே பதிவாகும்.

இது எத்தனை வருடம் இழுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். தென் பிரான்சில் செயூஸ் என்ற சுண்ணாம்புப் பாறைச் சுவர் இருக்கிறது. 1989-இல் ழான்-கிறிஸ்தோஃப் லஃபாய் என்பவர் அங்கே ஒரு வழிக்குப் போல்ட் அடித்து வைத்தார். முழுவதையும் அவரால் ஏற முடியவில்லை. 1996-இல் அர்னோ பெத்தி கீழ்ப்பாதியை முடித்தார். அடியிலிருந்து உச்சிவரை விழாமல் ஏறியவர் கிறிஸ் ஷர்மா, 2001 ஜூலையில். அப்போது அவருக்கு 20 வயது. போல்ட் அடித்த வருடம் அவர் பள்ளிச் சிறுவன். ஒருவர் விட்ட கம்பியில் இன்னொருவர் மாடி கட்டிய கதை.

இதெல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா கதை என்று நினைத்தால், இந்த வகையில் மிகவும் நெஞ்சைப் பிசைகிற கதை நம் நாட்டில்தான் நடந்தது. உத்தராகண்டில், கங்கோத்ரிக்கு மேலே.

கங்கோத்ரி யாத்திரை போகிற நம்மூர்க்காரர்களில் தெம்பு உள்ளவர்கள் கோமுகம் வரை நடப்பார்கள். இன்னும் தெம்பு உள்ளவர்கள் அதற்கும் மேலே தபோவனம் போவார்கள். அங்கே சிவலிங்கம் என்ற சிகரத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான் மேரு. புராணத்தில் வருகிற பொன்மலை அல்ல, ஆனால் பெயர் அதுதான். மொத்த உயரம் 6,660 மீட்டர். அதன் நடுச் சிகரம் 6,310 மீட்டர். அந்த நடுச் சிகரத்துக்கு நேராக எழும்புகிற கருங்கல் விளிம்பைச் சுறாவின் துடுப்பு என்று மலையேறிகள் கூப்பிடுகிறார்கள்.

எவரெஸ்டைவிட இரண்டரை கிலோமீட்டர் குட்டை. பிறகு என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் உயரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் பனிச்சரிவு, பிறகு பனியும் பாறையும் கலந்த சுவர், இவை எல்லாம் முடிந்து ஆள் களைத்துப்போன பிறகு கடைசியில்தான் செங்குத்தான கருங்கல் வருகிறது. அதாவது கடைசிக் கேள்விக்குத் தேவையான கால்குலேட்டர், லாக் டேபிள் எல்லாவற்றையும் முதல் கேள்வியிலிருந்தே தூக்கிச் சுமக்க வேண்டும். அது சுமார் 90 கிலோ. தூக்க ஷெர்பாக்களும் கிடையாது. தூங்க இடமும் கிடையாது, சுவரிலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்ட மடக்குக் கட்டிலில்தான் ராத்திரி.

மக்ஸ் ஸ்டம்ப் என்ற அமெரிக்கர் 1980-களில் இரண்டு முறை இதை முயன்று திரும்பினார். 1992-இல் அலாஸ்காவின் தெனாலி மலையில் பனிப் பிளவில் விழுந்து இறந்துபோனார். அவரிடம் தொழில் கற்றவர் கான்ராட் அங்கர். குருநாதர் பாதியில் விட்ட மேரு சீடனின் ப்ராஜெக்ட் ஆயிற்று. 2003-இல் அங்கர் முதன்முறை போய்த் தோற்றுத் திரும்பினார். 2008-இல் ஜிம்மி சின், ரெனான் ஒஸ்டர்க் என்ற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போனார்.

ஏழு நாள் பயணம் என்று கணக்குப் போட்டு ஏழு நாள் சாப்பாடு எடுத்துப் போனார்கள். ஆரம்பத்திலேயே புயல். சுவரில் தொங்குகிற கட்டிலில் நான்கு நாள் முடங்கிக் கிடந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அங்கேயே மூட்டையைக் கட்டியிருப்போம். அவர்கள் இருந்ததைப் பகிர்ந்து, அளந்து அளந்து தின்றுகொண்டு மேலே போனார்கள். ஏழு நாள் கிட்டத்தட்ட இருபது நாள் ஆயிற்று. சிகரத்துக்கு இன்னும் சுமார் 100 மீட்டர்தான்.

100 மீட்டர். அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாதி தூரம்கூட வராது.

திரும்பிவிட்டார்கள்.

பொழுது இல்லை, சாப்பாடு இல்லை, இன்னொரு இரவை வெட்டவெளியில் கழித்தால் கை கால் விரல்கள் போகும், ஆளே போனாலும் போகலாம். மூன்று பேரும் பேசி முடிவெடுத்துக் கயிற்றில் இறங்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வருகிற ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சங்க் காஸ்ட், மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவழித்து, இனி எப்படியும் திரும்பி வராத பணம். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பார்கள். வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்போது ரொம்பச் சுலபமாக இருக்கும். பரீட்சையிலும் இரண்டு மார்க் வாங்கிவிடலாம். ஆனால் படம் மொக்கை என்று இடைவேளையிலேயே தெரிந்தும், டிக்கெட் வாங்கிய பாவத்துக்குக் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள்தான் நாம். இருபது நாள் பட்டினிக்கும் குளிருக்கும் பிறகு, கண்ணுக்குத் தெரிகிற சிகரத்தை வைத்துக்கொண்டு 'இந்த இருபது நாளைக் கணக்கில் சேர்க்காதே' என்று மனசிடம் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

மலை ஏறுவதற்கு மனப் பயிற்சி என்றவுடனே தைரியத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். பயத்தை வெல்வது, 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்லிக்கொள்வது, இந்த மாதிரி. உண்மையில் அதில் பெரும்பகுதி ரொம்பச் சாதாரணமான வேலை. செக் நாட்டு ஆடம் ஒண்ட்ரா 2017 செப்டம்பரில் நார்வேயின் ஃப்ளாடங்கர் குகையில் 'சைலன்ஸ்' என்ற வழியை ஏறினார். 9சி என்ற தரம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அதற்குத்தான். அதற்குத் தயாராகும்போது அவர் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கையையும் காலையும் காற்றில் வைத்து ஒவ்வொரு பிடியையும் மனதுக்குள் ஏறிப் பார்த்தார். கூட ஒரு பிசியோதெரபிஸ்ட், பாறைக்குப் பதிலாகக் கையைக் கொடுத்துக்கொண்டு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பாறையில் போய் யோசிக்க நேரம் இருக்காது. யோசனையெல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் பஸ்ஸில் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டுக்கொண்டு உருப்படியை மனதுக்குள் ஓட்டுவதும் இதே வேலைதான்.

இது ஏறுவதற்கான தயாரிப்பு. இறங்குவதற்கான தயாரிப்பு வேறு, அதைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கயிறே இல்லாமல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் சுவரை ஏறிய அலெக்ஸ் ஹானால்டை நிறையப் பேருக்குத் தெரியும். 2017 ஜூன் 3, நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதற்கு முந்தைய வருடம் இலையுதிர் காலத்தில் அதே சுவரில் அதே முயற்சியைத் தொடங்கி, ஆரம்பப் பகுதியிலேயே 'இன்றைக்குச் சரியில்லை' என்று அவர் கைவிட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேமராக்கள் காத்திருந்தன, படக்குழு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழில்முறை ஆளுக்கு ஸ்பான்சர் உண்டு, ஊர் வாய் உண்டு. அத்தனைக்கும் நடுவில் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்ததால்தான் அடுத்த வருடம் ஏற அவர் உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் படத்தைத் தன் மனைவியோடு சேர்ந்து இயக்கியவர் யார் தெரியுமா? மேருவில் 100 மீட்டரில் திரும்பிய அதே ஜிம்மி சின். திரும்பி வருவது என்றால் என்ன என்று தெரிந்த ஆள் கேமராவுக்குப் பின்னால் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சரி, மேருவுக்கு வருவோம்.

மூன்று வருடம் கழித்து, 2011-இல், அதே மூன்று பேர் மறுபடி போகத் திட்டமிட்டார்கள். சங்க் காஸ்ட் தெரிந்தவர்கள் இங்கே கையை உயர்த்தலாம். விட்டதைப் பிடிக்கப் போகிற இந்தப் புத்திதானே சூதாட்டக்காரனை அழிக்கிறது? 2008-இல் கணக்குத் தெரிந்தவர்கள், 2011-இல் மறந்துவிட்டார்களா?

இல்லை என்றுதான் தோன்றுகிறது. செலவழித்த இருபது நாள் திரும்பி வராது, உண்மை. ஆனால் அந்த இருபது நாளில் சம்பாதித்தது ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் கல் ஆடும், எங்கே கட்டில் தொங்கவிடலாம், என்ன சாப்பாடு போதாது, எந்தச் செருப்பு குளிரைத் தாங்காது என்பதெல்லாம் இப்போது தெரியும். சீட்டுக்கட்டு வீடு என்று அவர்களே பெயர் வைத்த, அடுக்கிவைத்தது போன்ற ஆட்டக் கற்கள் உள்ள ஒரு பகுதிகூட இனிமேல் புது இடம் இல்லை. அடுத்த முயற்சிக்கு ஆகப்போகிற செலவும், தோற்பதற்கான வாய்ப்பும் இதனால் குறைகிறது. அது மூழ்கிய செலவு அல்ல, மேலே எழுப்பக் காத்திருக்கிற கம்பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாதவன்தான் ஒன்று பாதியில் ஓடிவிடுகிறான், இல்லையென்றால் பிடித்த பிடியை விடாமல் செத்துப்போகிறான்.

இதுவரை கணக்கு அழகாக இருக்கிறது. இதற்குமேல் அவ்வளவு அழகாக இல்லை.

பயணத்துக்கு ஐந்து மாதம் முன்னால் ஒரு படப்பிடிப்பில் பனிச்சறுக்கு ஓட்டும்போது ஒஸ்டர்க் விழுந்தார். மண்டை ஓட்டில் விரிசல், கழுத்து எலும்பில் முறிவு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற ஒரு நாளமும் போயிற்று. உயரமான இடத்துக்குப் போனால் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. சில நாளிலேயே ஜிம்மி சின் ஒரு பெரிய பனிச்சரிவில் சிக்கி, மலையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, எப்படியோ பிழைத்தார். ஒஸ்டர்க்குக்குப் பதில் வேறு ஆளைக் கூட்டிப்போவதுதான் எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லக்கூடிய யோசனை. ஒஸ்டர்க் வெறித்தனமாகப் பயிற்சி எடுத்தார். அங்கர் அவரையே கூட்டிப்போனார். சுவரில் ஒருநாள் ஒஸ்டர்க்குக்குப் பேச்சு குழறி, வார்த்தை வராமல் போயிற்று. பிறகு சரியாயிற்று. தொடர்ந்தார்கள். 2011 அக்டோபர் 2, மூன்று பேரும் மேரு நடுச் சிகரத்தில் நின்றார்கள்.

2015-இல் 'மேரு' என்ற ஆவணப்படம் வந்தது, சண்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருதும் வாங்கியது. பார்க்கிறவர்கள் நட்பு, விசுவாசம், விடாமுயற்சி என்று உருகினார்கள். உருக வேண்டியதுதான். ஆனால் அந்த ஒருநாள் பேச்சு திரும்பி வராமலே போயிருந்தால் இதே முடிவை என்னவென்று சொல்லியிருப்போம்? மடத்தனம் என்று. எடுத்த முடிவு அதேதான், முடிந்த விதம்தான் வேறு. முடிந்த ப்ராஜெக்ட்களைத்தான் படம் எடுக்கிறார்கள். மக்ஸ் ஸ்டம்ப் மேருவிலிருந்து உயிரோடு திரும்பியதும் ஒரு நல்ல முடிவுதான், அதற்கு விருது கிடையாது.

நண்பனை விட்டுவிட்டுப் போக அங்கருக்கு மனம் வரவில்லை என்பதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. பற்றா, வரவா? ஒருவேளை எழுதவே முடியாதோ என்னவோ.

அங்கர் அதோடு நிற்கவில்லை. நேபாள எல்லையில் லுனாக் ரி என்று 6,900 மீட்டரை ஒட்டிய, அதுவரை யாரும் ஏறாத சிகரம். 2015-இல் ஆஸ்திரியாவின் டேவிட் லாமா என்ற இளைஞரோடு போனார். சிகரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே திரும்பினார்கள். 2016 நவம்பரில் மறுபடி இருவரும் போனார்கள். சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அங்கருக்கு மாரடைப்பு. வயது 53. லாமா உதவியோடு கயிற்றில் இறங்கி, ஹெலிகாப்டரில் காத்மாண்டு போய், அங்கே அவசர சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தார்.

லாமா அதே வருடம் தனியாக முயன்று திரும்பினார். 2018 அக்டோபரில் தனி ஆளாக லுனாக் ரியின் உச்சியைத் தொட்டார். அடுத்த ஏப்ரலில் கனடாவில் வேறொரு மலையில் பனிச்சரிவில் இறந்தார். 28 வயது.

ஆவடிப் பக்கம் அனுபவப்பட்ட மேஸ்திரிகள், மேலே கட்ட நாளாகும் என்று தெரிந்தால் கம்பியைச் சும்மா விட மாட்டார்கள். சிமெண்ட் பால் கரைத்து மேலே பூசிவிட்டுப் போவார்கள். வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த விரல் மாதிரி நிற்கும். கட்டுகிறவர் அதே வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, வீட்டை வாங்கிய வேறு யாராக இருந்தாலும் சரி, கம்பி அன்றைக்கு உபயோகப்படும்.

லாமா தனியாகப் போகிறேன் என்றபோது அங்கர் தடுக்கவில்லை. தனக்கு உயரமான மலைகள் இனி இல்லை என்று முடிவு செய்திருந்தார். லுனாக் ரிக்கு அவர் திரும்பப் போகவில்லை.